எட்டுக்கு ஒன்பது

7.1.2003, செவ்வாய்

எங்கள் பீங்கான் கம்பெனிக்குச் சீனாக்களிமண் போடும் வியாபாரி வருடா வருடம் கொடுக்கும் டைரி இது. இதில் நான் அளவுகளைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. இன்று எழுத அளவு ஒன்றும் இல்லை.

சூளைக்கு எண்ணெய் வரவில்லை என்று கம்பெனியில் மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரி சிந்தாமணி அடுப்படித் தரையில் உட்கார்ந்து சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். வலது கையில் கத்தி. இடது கை வழக்கம்போல் மடியில் கிடக்கிறது. காயைப் பிடித்திருந்தது இடது கால். பாதத்தில் ஒரு கேரிபேக்கை மாட்டி, கணுக்காலில் ரப்பர் பேண்டு போட்டிருந்தாள்.

சோற்றுப் பானையில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிறவள் அவள்.

என்னைப் பார்த்ததும் காலை விருட்டென்று இழுத்துக்கொண்டாள். காய் உருண்டு அம்மிப் பக்கம் போனது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். இத்தனை நாளாக நான் சாப்பிட்ட காயெல்லாம் இப்படி நறுக்கியதுதானா? கேட்கவில்லை. கூட்டு நன்றாகவே இருந்தது.

8.1.2003

கேரிபேக்கைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள்.

10.1.2003

ஐப்பசியில் கம்மாபுரம் ரோட்டில் டிவிஎஸ் ஃபிப்டி சறுக்கி இருவரும் விழுந்தோம். எனக்கு முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்கு இடது தோளில் நரம்பு போய்விட்டது. பாண்டிச்சேரி வரை போய்க் காட்டியாயிற்று. இனி அந்தக் கையைத் தூக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். லாரியிலிருந்து சிந்திய மண் ரோட்டில் கொட்டிக் கிடந்தது, அதில் சறுக்கியது. எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இதிலும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

அன்றிலிருந்து அவள் என் வண்டியில் ஏறுவதில்லை. எங்கே போனாலும் பஸ்தான். வேண்டியதை மட்டும் பேசுகிறாள். சண்டை போட்டால்கூடத் தேவலாம்.

ஒரு கையால் நறுக்க ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக மாடல் செய்கிறேன். கிளி, மான், ஜாடி மூடி, கரண்டு கம்பத்துப் பீங்கான், எல்லாம் பார்த்தாயிற்று. இது ஒரு பெரிய விஷயமா?

20.1.2003

பொங்கல் கழிந்தது. படம் போட்டேன். தேங்காய் துருவும் மணை மாதிரி நீளப் பலகை. ஒரு முனையில் அவள் உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்த கனத்தில் பலகை அசையாது. மறுமுனையில் அருவாள் நிற்கும். நடுவில் நீளப் பள்ளமாக ஒரு காடி வெட்டி, அதில் ஓடுகிற மாதிரி ஒரு கட்டை. கட்டை மேல் முள் முள்ளாக ஆறு குச்சி. காயை அதில் குத்தி, பிடியைப் பிடித்துத் தள்ளினால் காய் தானே அருவாளுக்குப் போய்ச் சேரும். ஆக, குச்சிதான் இடது கை.

கம்பெனியிலிருந்து கொஞ்சம் பிளாஸ்டர் கொண்டுவந்து கட்டையை மட்டும் வார்த்துப் பார்த்தேன். அவள் விளக்குமாற்றோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"என்னா, வூட்லயும் பொம்மையா?"

"காய் நறுக்க. உனக்கு."

பிளாஸ்டர் தூள் சிந்தியிருந்த இடத்தை மட்டும் ரெண்டு தரம் பெருக்கினாள்.

28.1.2003, செவ்வாய்

பெண்ணாடத்திலிருந்து கொழுந்தியாள் திரௌபதி வந்து அக்காளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் மணவாளநல்லூர் போனாள். கொளஞ்சியப்பர் கோயில். திரும்பி வந்து விபூதி கொடுத்தார்கள். பூசிக்கொண்டேன்.

காப்பி குடிக்கும்போது திரௌபதிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா பிராது கட்டிட்டு வந்துட்டாங்க மாமா. இனிமே அவரு பாத்துக்குவாரு."

சிந்தாமணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

29.1.2003

நம்ம ஊர் வழக்கம் இது. நியாயம் கிடைக்காதவர்கள் போலீசுக்குப் போகிற மாதிரி கொளஞ்சியப்பரிடம் போவார்கள். இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார் என்று பேர், ஊர் போட்டுக் காகிதத்தில் எழுதி, கோயிலில் கட்டிவிட்டு வரவேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு. தீர்ந்துவிட்டால் மறக்காமல் போய் வாபஸ் எழுதிக் கொடுக்க வேண்டும்.

யார் மேல் கட்டியிருப்பாள்? லாரிக்காரன் பேர் அவளுக்குத் தெரியாது.

என் மேல்தான். வேறு யார்? அந்தச் சாமி பேரையே எனக்கு வைத்தார்கள், கொளஞ்சிநாதன் என்று. அவரிடமே என் மேல் பிராது. நல்லா இருக்குது.

சரி, இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். அன்று ரோட்டோரத்தில் ஒரு பொம்மைக் கடை. நான் செய்த கிளி உண்டியலை வரிசையாக அடுக்கியிருந்தான். கழுத்தில் பச்சை வழிந்திருந்தது. எவன் அடித்த வர்ணம் இது என்று திரும்பிப் பார்த்தேன். "ஏங்க, முன்னாடி பாருங்க" என்றாள். நான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன். மண் கிடந்தது உண்மை. நேராகப் பார்த்து ஓட்டியிருந்தால் ஒரு சைக்கிள்காரன்கூட அதை ஒதுங்கிப் போயிருப்பான்.

அவளுக்கு இது தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அவள் அண்ணனிடம் "மண்ணு மச்சான், எல்லாம் அந்த மண்ணு" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

3.2.2003

அளவு எடுத்தேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரம்: 16 அங்குலம்.
மூடிய கை அகலம்: 4.
உட்காரும் அகலம்: 12.

"ஸ்கேல மேல வைக்காதீங்க. நான் என்னா களிமண்ணா?" என்றாள். கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

6.2.2003

பாலக்கரையில் தச்சர் மாணிக்கவேலிடம் படம் கொடுத்தேன். பூவரசு மரத்தில் செய்யலாம் என்றார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வூட்ல கொஞ்சம் தாட்டியான ஆளோ?"

என்ன கேள்வி இது. எழுதியிருப்பதைச் செய்யுங்க என்றேன். மாசி மகத்துக்குக் கடைகளுக்குப் பெஞ்சு செய்கிற வேலை நிறைய இருக்கிறதாம். மகம் கழித்துத்தான் தருவாராம்.

11.2.2003

கட்டைக்குக் குச்சி. ஆணி அடித்துப் பார்த்தேன், வாழைக்காய் கறுத்துப்போகிறது. மூங்கிலைச் சீவி வைத்தேன். கறுக்கவில்லை. மூங்கிலே இருக்கட்டும்.

18.2.2003

மகக் கூட்டம் இன்னும் கலையவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து மணையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தேன். கனமான கனம். நடுவீட்டில் போட்டு, "உட்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் இடம் மிச்சம். காடியைத் தேடிக் கை நீட்டினாள். எட்டவில்லை. முன்னால் சாய்ந்தாள். விரல் நுனி பட்டது. பிடியைப் பிடித்தால் அவள் கைக்குள் அடங்கவில்லை. உலக்கையைப் பிடித்த மாதிரி இருந்தது.

நான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். 18. திரும்ப அளந்தேன். 18. பிடி நாலரை. உட்காரும் இடம் பதின்மூன்றரை.

அவளுக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு! ஐப்பசிக்குப் பிறகு இந்த வீட்டில் முதல் சிரிப்பு.

"யாருக்குங்க இது? பீமசேனன் வந்து காய் நறுக்குவாரா? அய்யோ, எனக்கு வவுறு வலிக்குது!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "தப்பு என்னோடதுதான். மாணிக்கவேல் எழுதினதைத்தான் செஞ்சிருக்காரு. நான்தான் அளவைக் கூட்டிட்டேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தப்புங்கிற வார்த்தை உங்க வாயிலயும் வருதே" என்றாள்.

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

19.2.2003

எப்படி நடந்தது என்று எழுதி வைக்கிறேன். களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். அதனால் எட்டு அங்குல பொம்மை வேண்டும் என்றால் மாடல் ஒன்பது அங்குலம் செய்ய வேண்டும். எட்டுக்கு ஒன்பது. கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொண்டது. பதினாறை எழுதும்போது கை தானாகப் பதினெட்டு என்று எழுதிவிட்டது. நாலுக்கு நாலரை. பன்னிரண்டுக்குப் பதின்மூன்றரை. ஒன்றுகூடத் தப்பவில்லை. கணக்கு அவ்வளவு சுத்தம்.

மாணிக்கவேலிடம் சொன்னேன். மனிதர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மரத்த சூளைல வெச்சா சுருங்காதுண்ணே, சாம்பலாப் பூடும்."

வேறு ஆளாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன். அவள் சொன்ன வார்த்தைதான் காலையிலிருந்து காதில் நிற்கிறது.

20.2.2003

வேலை ஓடவில்லை. கிளியின் மூக்கை உடைத்துவிட்டேன்.

23.2.2003, ஞாயிறு

திரௌபதி வந்தாள். கூடவே சிந்தாமணியின் அண்ணன் சக்கரபாணியும். வந்ததும் வராததுமாகத் திரௌபதி தொடங்கிவிட்டாள். "மண்ண கொட்டிட்டுப் போன கட்டைல போறவன் வெளங்குவானா? எங்க அக்கா கைய முடமாக்கிட்டுப் பூட்டானே பாவி!"

சிந்தாமணி தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் முறுக்கைத்தான் பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகம் இல்லை. மண்ணு இல்லம்மா, நான்தான். பொம்மைக் கடையைப் பார்த்துக்கிட்டு ஓட்டினேன், முன்னாடி பாருங்கன்னு உங்க அக்கா சொல்லிச்சு, நான் பாக்கல. இவ்வளவுதான். நாலு வாக்கியம். நாலு மாதம் தொண்டையில் கிடந்தது.

திரௌபதி வாயைத் திறந்தபடி நின்றாள். சக்கரபாணி மச்சான் செம்பைக் கீழே வைத்தார். "அன்னிக்கு ஆஸ்பத்திரில என் மூஞ்சிய பாத்துதானே சொன்ன?" என்றார். ஆமாம் என்றேன். "மனுசனாய்யா நீ?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். திரௌபதியும் முறுக்கைத் தொடாமல் பின்னாலேயே போனாள். இனி இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டோம் என்று தெருவில் நின்று சொன்னாள். எதிர்வீட்டுக் கனகா வரைக்கும் கேட்டிருக்கும்.

வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. சிந்தாமணி முறுக்கைத் திரும்ப டப்பாவில் போட்டு வைத்தாள். அப்புறம், "கொழம்புல உப்பு போட்டேனான்னு பாருங்க" என்றாள்.

பார்த்தேன். போட்டிருந்தாள்.

26.2.2003

காலையில் நான் கிளம்பும்போது டைரியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"அளவு நான் சொல்றேன். எழுதுங்க. ஒண்ணும் கூட்டாதீங்க."

எழுதினேன். அவள் சொன்னபடியே:

கை எட்டுற தூரம் பதினாறு இல்ல, பதினாலு. நீட்டிக்கிட்டே நறுக்கினா தோளு போயிடும்.
பிடி உருண்டையா வேணாம், வேர்த்தா வழுக்கும். தட்டையா, கட்டை விரல் நிக்க ஒரு பள்ளம்.
குச்சி ஆறு வேணாம். எல்லாக் காயும் ஓட்டையாப் போவுது. மூணு போதும்.
கட்டைய தனியா எடுத்துக் கழுவணும்.
உட்கார்ற மணை மட்டும் அந்தப் பெரிசே இருக்கட்டும். நல்லா அகலமா, சௌகரியமா இருக்குது.

"ஏன் முதல்லயே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க எங்க கேட்டீங்க? படம் போட்டீங்க, பிளாஸ்டர் ஊத்தினீங்க, ஸ்கேல் வெச்சீங்க. என்னா வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அது சரிதான்.

5.3.2003

மாணிக்கவேல் பலகையின் முன்பக்கத்தை அறுத்துக் குறுக்கிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். சிரித்ததுக்கு ஈடாகிவிட்டதாம். பிடியை நானே செதுக்குகிறேன். களிமண் உருண்டையை அவள் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னேன். ஐந்து விரலும் பதிந்தது. அது காய்வதற்குள் பார்த்துச் செதுக்க வேண்டும். காய்ந்தால் சுருங்கிவிடும். மறுபடியும் அதே கதை.

9.3.2003

பிடி முடிந்தது. பிடித்துப் பார்த்துவிட்டு, "சுண்டு விரல்கிட்ட குத்துது" என்றாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

10.3.2003

இன்னும் குத்துகிறதாம்.

11.3.2003

குத்தவில்லை.

16.3.2003

முதல் நாள். கத்திரிக்காய் சரியாக நறுக்க வந்தது. கழுவிய ஈரத்தோடு கட்டையைக் காடியில் போட்டிருக்கிறாள். மரம் ஊறிக்கொண்டு கட்டை பாதி வழியில் சிக்கி நின்றுவிட்டது. ஆத்திரத்தில் மணையை ஓர் உதை விட்டாள். "எடுத்துக்கிட்டுப் போங்க உங்க சாமானை! எனக்கு என் காலே போதும்!"

அழுதாள். என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காராதே என்று சொல்லவில்லை.

17.3.2003

மாணிக்கவேல் சொன்னது: மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் ஊறும், சுருங்கும். காடியை அகலத்தில் ஒரு நூல் அளவு கூட்டு, மெழுகுவத்தியைத் தேய். களிமண் எல்லாப் பக்கமும் ஒரே கணக்கில் சுருங்கும். மரத்துக்கு வேறு கணக்கு. ஐம்பது வயதில் இதைக் கற்றுக்கொள்கிறேன்.

கூட்டினேன். தேய்த்தேன். ஓடுகிறது.

24.3.2003

அவரைக்காய். பூசணிக்காய். வெங்காயம் மட்டும் வழுக்குகிறது. பாதியாக வெட்டிக் குப்புறக் குத்த வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். எனக்குத் தோன்றவில்லை.

2.4.2003

எதிர்வீட்டுக் கனகா வந்து பார்த்துவிட்டு, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணே என்றாள். "உனக்குத்தான் ரெண்டு கை இருக்குதே, அப்புறம் என்னாடி?" என்றாள் சிந்தாமணி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கேரிபேக் கொடியில் இல்லை.

14.4.2003

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. மாங்காயை அவள்தான் நறுக்கினாள். துண்டு ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. பெண்ணாடத்திலிருந்து யாரும் வரவில்லை. "அவங்களுக்குக் கோவம் தணியட்டும். எனக்கே நாலு மாசம் ஆச்சு" என்றாள்.

22.4.2003, செவ்வாய்

லீவு போடச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. குளித்து, பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வண்டிய எடுங்க."

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். "பஸ் இருக்கே" என்றேன். மடத்தனம்.

"பஸ்ஸு போற நேரம் எனக்குத் தெரியும். எடுங்க."

ஏறினாள். வலது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சைக்கிளில் போன ஒரு ஸ்கூல் பிள்ளை எங்களைத் தாண்டிப் போனாள். "இப்படியே போனா நடை சாத்திடுவாங்க" என்றாள் சிந்தாமணி. நான் திரும்பவில்லை. ரோட்டைத்தான் பார்த்தேன்.

மணவாளநல்லூர் வளைவில் கேட்டேன். "என் மேலதானே கட்டின?"

"ஆமா."

"விழுந்ததுக்கா?"

"வுழறது யாருக்கும் நடக்கும்ங்க. மண்ணு மேல பழிய போட்டீங்களே, அதுக்கு. என்னைப் பக்கத்துல வெச்சிக்கிட்டே சொன்னீங்க."

கோயில் வரும் வரை கை தோளிலேயே இருந்தது.

கோயிலில் வாபஸ் எழுதக் காகிதம் வாங்கினாள். வழவழப்பான கருங்கல் திண்டு. அதன் மேல் வைத்து எழுதத் தொடங்கினாள். பேனா போகிற பக்கமே காகிதமும் போனது. நிறுத்தி, இழுத்துச் சரி செய்தாள். மறுபடி நகர்ந்தது. இடது கை பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

காகிதத்தின் ஓரத்தில் என் விரல்களை வைத்து அழுத்திப் பிடித்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதினாள். விருத்தாசலம், கொளஞ்சிநாதன் மேல் நான் கொடுத்த பிராது தீர்ந்துவிட்டது.

கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.